ஆண்களுக்கான குளிர்கால ஓவர்கோட்: நீளத்தையும் அளவையும் எதை வைத்து முடிவு செய்வது?

பனிநகர்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வேலை மாற்றலாகிச் சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு வந்திருக்கிறேன். இது எனக்கு இங்கே முதல் குளிர்காலம். அலுவலகம் நகரின் நடுவே கிங் தெருப் பகுதியில் இருக்கிறது. வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து, பேருந்துக்குக் காத்திருந்து, பிறகு சுரங்க ரயிலுக்கு மாற வேண்டும். வாரத்தில் சில நாட்களாவது சூட் அணிய வேண்டிய வேலை என்பதால், சூட் கோட்டின்மேல் போடுவதற்கென்று ஒரு கம்பளி ஓவர்கோட் வாங்கினேன். ஒற்றை வரிசையில் மூன்று பொத்தான்கள் கொண்டது. துணியில் எண்பது விழுக்காடு கம்பளி என்று சீட்டில் இருக்கிறது.

என் உயரம் 165 செ.மீ., மார்புச் சுற்றளவு 38 அங்குலம், சூட்டில் நான் அணிவது 38 ஷார்ட், அதாவது உயரம் குறைந்தவர்களுக்கான வெட்டு. ஆனால் உள்ளே சூட் கோட் இருக்கும், ஆகவே ஓர் அளவு பெரியதாக எடுப்பதே நல்லது என்று கடையில் சொன்னதால், 40 ரெகுலர் எடுத்திருக்கிறேன். வீட்டில் சூட்டோடு போட்டுப் பார்த்தபோது தோள் தையல் இரு பக்கமும் தோள் எலும்பைத் தாண்டி ஏறக்குறைய ஓர் அங்குலம் தள்ளி விழுகிறது, கோட்டின் கை என் விரல் முட்டிவரை இறங்குகிறது, கோட்டின் அடி முழங்காலுக்கு நான்கு விரல் கீழே நிற்கிறது. காலர் தையலிலிருந்து அடிவரை முதுகுப் பக்கம் அளந்தால் 104 செ.மீ. வருகிறது. அருகிலுள்ள தையல்காரர் ஒருவர் அடியில் நான்கு அங்குலமும் கையில் இரண்டு அங்குலமும் குறைத்துத் தர முடியும் என்கிறார். திருப்பிக் கொடுப்பதற்கான கெடுவும் இன்னும் முடியவில்லை.

குறைத்துத் தைத்துக்கொள்ளலாமா, மாற்றிவிட வேண்டுமா? என் உயரத்துக்கு எந்த நீளம் பொருந்தும்? நீளமான கோட் உண்மையிலேயே கூடுதல் கதகதப்புத் தருமா, அல்லது அது தோற்றத்துக்கு மட்டும்தானா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஊசிநூல் எழுதியது:

வணக்கம் தம்பி. ஸ்காபுறோவில் தையற்கடை வைத்திருக்கிறேன். குளிர்காலம் தொடங்கும் வாரங்களில் என் மேசைக்கு வருபவற்றில் பெரும்பங்கு இப்படிப்பட்ட கோட்டுகள்தான். திருப்பிக் கொடுக்க நாள் இருக்கும்போது அதில் கத்தரி வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஓவர்கோட்டின் உள்ளே தைத்திருக்கும் 38, 40 என்ற எண், அணிபவரின் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் சொல்வது. கோட்டின் சுற்றளவை அல்ல. சட்டைக்கும் சூட் கோட்டுக்கும் மேலே வரப்போகும் உடை இது என்பது வெட்டுபவருக்குத் தெரியும், அதனால் உடம்பின் அளவுக்கு மேல் ஆறு அங்குலத்தை ஒட்டிய தளர்ச்சியை அவர் வெட்டும்போதே விட்டிருப்பார். சூட்டில் 38 அணிகிறவர் ஓவர்கோட்டிலும் 38 எடுப்பதே வழக்கம். கடைக்காரர் சொன்னபடி ஓர் எண் கூட்டும்போது, ஏற்கெனவே விட்டிருந்த இடத்துக்கு மேல் இன்னொரு முறை இடம் விட்டதாகிறது. உங்கள் தோள் தையல் ஓர் அங்குலம் வெளியே போனதற்கு இதுதான் காரணம்.

ரெகுலர், ஷார்ட் என்ற பிரிவைப் பலரும் அடி நீளத்தைப் பற்றியது மட்டும் என்று எண்ணிவிடுகிறார்கள். ஐந்தடி ஏழு அங்குலம்வரை உயரமுள்ளவருக்கென்று வெட்டப்படும் ஷார்ட்டில் அடி ஏறுவதோடு கையும் குறையும், இடை மேலே வரும், பக்கப் பைகளின் வாயும் பொத்தான்களும் அதற்கேற்ப உயரும். ரெகுலர் கோட்டின் அடியில் நான்கு அங்குலத்தை வெட்டி எடுத்தால் அடி மட்டும்தான் மேலே வரும். பைகள் இருந்த இடத்திலேயே நிற்கும். பிறகு கையைப் பைக்குள் விடுவதற்குத் தோளைத் தாழ்த்த வேண்டியிருக்கும், கடைசிப் பொத்தானுக்கும் அடிக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி சுருங்கிக் கோட் பாதியில் நின்றுவிட்டதுபோல் தெரியும், பின்வெட்டும், அதாவது முதுகுப் பக்கம் அடியில் விட்டிருக்கும் பிளவும், நான்கு அங்குலம் குட்டையாகி, படி ஏறும்போது துணி இழுக்கும். அடியில் ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம் குறைப்பதை நான் தயங்காமல் செய்துகொடுப்பேன். அதற்கு மேல் கேட்பவர்களை வேறு அளவு தேடச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.

தோளைச் சரிசெய்வது இதைவிடப் பெரிய வேலை. கையைக் கழற்றி, லைனிங்கைப் பிரித்து, உள்ளே இருக்கும் தோள் பேடையும் வடிவம் தரும் கான்வாஸ் துணியையும் திருத்தி, கைக்குழியைப் புதிதாக வெட்டி, கையை மறுபடி பொருத்த வேண்டும். கூலி கோட்டின் விலையை நெருங்கும், அத்தனைக்குப் பிறகும் துணி முதலில் விழுந்த அழகு திரும்பி வரும் என்று எந்தத் தையல்காரரும் உறுதி சொல்ல மாட்டார். ஆகவே கடையில் பார்க்க வேண்டிய வரிசை இதுதான்: முதலில் தோள், அடுத்து முதுகும் மார்பும், பிறகு கை, கடைசியில் நீளம். தோள் சரியில்லை என்றால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம், கழற்றி மாட்டிவிடுங்கள். ஓவர்கோட்டின் தோள் தையல் உள்ளிருக்கும் சூட் கோட்டின் தோளை மூடி அதற்கு அப்பால் ஒரு சென்ரிமீற்றர் அளவு நிற்கலாம். உங்களுக்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் நிற்கிறது. ஐயமிருந்தால் சுவருக்குப் பக்கவாட்டில் நின்று மெல்ல அதன்மேல் சாயுங்கள். உங்கள் தோள் சுவரில் படுமுன் கோட்டின் தோள் மடங்கிக் குழி விழுந்தால் அது உங்கள் அளவு இல்லை.

கை நீளத்துக்கு வருவோம். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது ஓவர்கோட்டின் கை, சட்டைக் கையையும் சூட் கோட்டின் கையையும் முழுதாக மூடி, கட்டைவிரலின் அடியை எட்ட வேண்டும். சூட்டில் சட்டைக் கை அரை அங்குலம் வெளியே தெரிவது அழகு. ஓவர்கோட்டில் அப்படித் தெரிந்தால் அந்த இடைவெளி வழியாகத்தான் காற்று நுழையும். முழங்கையை மடக்கினால் கோட்டின் கை மேலே ஏறும் என்பதால், கையுறை போட்டுக்கொண்டு, பேருந்தின் கம்பியைப் பிடிப்பதுபோல் கையைத் தூக்கிப் பாருங்கள். கை முனையில் பொத்தானோ பட்டையோ இல்லையென்றால் ஒன்றரை அங்குலம்வரை எளிதாகக் குறைக்கலாம். அவை இருந்தால் தோள் பக்கமிருந்து குறைக்க வேண்டும், அது செலவான வேலை.

உங்கள் உயரத்துக்குக் காலர் தையலிலிருந்து 88 முதல் 94 சென்ரிமீற்றர்வரை உள்ள கோட்டைத் தேடுங்கள். 94 என்றால் அடி முழங்கால் சில்லின் நடுவே விழும், 88 என்றால் அதற்கு நான்கு விரல் மேலே. பேருந்திலும் ரயிலிலும் ஏறி இறங்குபவருக்கு இது போதுமான நீளம்.

வின்னிபெக்வாசி எழுதியது:

ஊசிநூல் ஐயா சொன்ன அளவு முறையை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கேள்வியின் மூன்றாம் பகுதியை, அதாவது கதகதப்பைப் பற்றியதை, யாராவது எடுத்துப் பேச வேண்டும். நான் வாழும் வின்னிபெக்கில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 பாகைக்கு இறங்குவது வழக்கமான செய்தி. டொராண்டோவில் அத்தனை கடுமை இல்லை என்றாலும், ஏரியிலிருந்து வரும் காற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். வெப்பநிலை கழித்தல் 10 பாகையாக இருந்து, காற்று மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வீசினால், கனடாவின் வானிலைத் துறை பயன்படுத்தும் குளிர்காற்றுக் கணக்கின்படி திறந்த தோலுக்கு அது கழித்தல் 20 போல் இருக்கும். இடுப்போடு நின்றுவிடும் கோட்டில் இந்தக் காற்று முதலில் தாக்குவது தொடையைத்தான். பேண்ட் துணி ஒற்றை அடுக்கு, அதுவும் சூட் பேண்ட் என்றால் மெல்லியது. எனவே நீளம் தோற்றத்துக்கு மட்டுமானதில்லை. தொடை முழுவதும் மூடியிருப்பதற்கும் பாதி மூடியிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றாலே உணர்ந்துவிடுவீர்கள்.

அதே நேரம், சூட் அணியாத நாட்களுக்கும் கடுங்குளிர் நாட்களுக்கும் கம்பளி ஓவர்கோட்டை மட்டும் நம்பாமல், இறகு நிரப்பிய பார்க்கா (தலைமூடி உள்ள தடித்த குளிர்கோட்) ஒன்றையும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதன் அளவைப் பார்க்கும் முறை வேறு. நம்மைச் சூடாக வைத்திருப்பது இறகு அன்று, இறகுகளுக்கு நடுவே அசையாமல் அடைபட்டிருக்கும் காற்று. கோட் இறுக்கமாக இருந்தால் தோளிலும் முதுகின் மேற்பகுதியிலும் முழங்கையிலும் இறகு நசுங்கி, அடைபட்ட காற்று வெளியேறி, சரியாக அந்த இடங்களில் குளிர் உறைக்கும். ஆகவே நீங்கள் போடப்போகும் மிகத் தடித்த ஸ்வெட்டரோடு கடைக்குப் போய், ஜிப்பை முழுதாக ஏற்றி, இரு கைகளையும் முன்னே நீட்டி உங்களையே கட்டிக்கொள்வதுபோல் மடக்கிப் பாருங்கள்; முதுகில் எங்கும் இழுக்கக் கூடாது.

அதற்காக மிகப் பெரியதை எடுப்பதும் தவறு. கோட்டுக்கும் உடம்புக்கும் நடுவே வெற்றிடம் மிகுந்தால், ஒவ்வோர் எட்டுக்கும் அடி விரிந்து சுருங்கி, உள்ளே சூடான காற்றைக் கொல்லனின் துருத்தியைப் போல வெளியே தள்ளிக் குளிர்காற்றை உள்ளே இழுக்கும். இடையிலோ அடியிலோ இழுத்துக் கட்டும் கயிறு, கையினுள் மணிக்கட்டைப் பற்றும் பின்னல் பட்டை, கீழிருந்தும் திறக்கக்கூடிய இருவழி ஜிப் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருவழி ஜிப் சிறியதாகத் தோன்றும், ஆனால் தொடைவரை வரும் பார்க்காவில் பேருந்து இருக்கையில் உட்காரும்போது கீழிருந்து கொஞ்சம் திறந்துவிட்டால்தான் கோட் மார்புக்கு ஏறி முகவாயை முட்டாமல் இருக்கும். உங்கள் உயரத்துக்குப் பார்க்கா தொடையின் நடுவே நின்றால் போதும். அது 80 செ.மீ.யை ஒட்டி வரும்.

கம்பளிப்பிரியன் எழுதியது:

நான் ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் வசிக்கிறேன். எங்கள் ஊரில் பனியைவிட ஈரக்காற்றுதான் வாட்டும். ஊசிநூல் ஐயா தந்த நீளத்தில் 94-ஐ ஏற்கிறேன், 88-ஐ ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. உட்காரும்போது கோட் இருபக்கமும் விலகித் தொடையைக் காட்டிவிடும். அடி முழங்காலுக்கு மேலேயே நின்றிருந்தால் அப்போது மூடுவதற்குத் துணியே இருக்காது. நின்றபடி அழகாகத் தெரியும் நீளமும் நாள் முழுதும் பயன்படும் நீளமும் ஒன்றாக இருப்பதில்லை. உயரம் குறைந்தவர்கள் நீளமான கோட் அணிந்தால் இன்னும் குட்டையாகத் தெரிவார்கள் என்று ஒரு கருத்து உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனால் அப்படித் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் அகலமான தோளும் தொங்கும் கையும்தான். தோள் சரியாக உட்கார்ந்து, இடை மெல்ல உள்வாங்கியிருந்தால், முழங்காலைத் தொடும் கோட் 165 செ.மீ. உயரத்தவருக்கும் நன்றாகவே நிற்கும்.

எந்த நீளமும் காரணமின்றித் தோன்றியதில்லை என்பதையும் சொல்ல விரும்புகிறேன். கடற்படையினர் அணிந்த பீ கோட் கப்பலில் ஏறி இறங்கி வேலை செய்வதற்காக இடுப்போடு நிறுத்தப்பட்டது; அதை நகரத்தில் சூட்டின்மேல் போட்டால் சூட் கோட்டின் அடி வெளியே எட்டிப் பார்க்கும், ஆகவே உங்களுக்கு அது ஆகாது. குதிரை ஏறுவோருக்காக வந்த கவர்ட் கோட், சூட் கோட்டை மூடும் அளவுக்கு மட்டுமே நீளும்; கை முனையிலும் அடியிலும் நான்கைந்து வரிசையாக ஓடும் தையலைக் கொண்டு அதை அடையாளம் காணலாம். நகரத்தில் சூட்டின்மேல் அணிவதற்கென்றே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்ந்த வடிவம் செஸ்டர்ஃபீல்டு. நீங்கள் வாங்கியிருப்பதும் அந்த மரபில் வந்ததுதான், அதற்குரிய நீளம் முழங்கால்.

தோள் பொருத்தம் எந்தக் கடையிலும் அமையாவிட்டால் ராக்லான் கை உள்ள கோட் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 1815-ஆம் ஆண்டு வாட்டர்லூ போரில் வலக்கையை இழந்த ராக்லான் பிரபுவின் பெயரால் வழங்கும் அந்த வெட்டில், கையின் தையல் தோள் முனையில் நிற்காமல் அக்குளிலிருந்து காலர்வரை சாய்வாக ஓடும். தோள் முனையில் தையலே இல்லாததால், அரை அங்குலம் கூடக் குறைய இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. சூட் கோட்டோடும் ஸ்வெட்டரோடும் மாற்றி மாற்றி அணிவதற்கும் ஏற்றது.

துணியைப் பற்றி ஒன்றே ஒன்று. இங்கிலாந்தின் மெல்டன் மௌபிரே ஊரின் பெயர் கொண்ட மெல்டன் துணி, நெய்த பிறகு நனைத்து அடித்துச் சுருக்கப்படுவதால் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து, இடையே காற்று எளிதில் புக வழியில்லாமல் ஆகிவிடும். கோட்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துணியின் ஊடே ஒளி புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால், முழங்கால்வரை நீளம் இருந்தும் காற்று உள்ளே வரும். ஐரோப்பிய அளவுகளில் தேடுவதானால் உங்கள் 38 இங்கே 48. ஜெர்மன் கடைகளில் குட்டையானவருக்கான அளவை அதில் பாதி எண்ணாக, அதாவது 24 என்று எழுதியிருப்பார்கள். அது குழந்தைகள் அளவு என்று எண்ணிக் கடந்து போய்விட வேண்டாம்.

பனிநகர்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 40 ரெகுலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சூட்டை அணிந்துகொண்டே வேறொரு கடைக்குப் போய் 38 ஷார்ட் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். நீளம் 93 செ.மீ., அடி முழங்கால் சில்லின்மேல் விழுகிறது. தோள் தையல் சொன்ன இடத்தில் நிற்கிறது. சுவர்ச் சோதனையிலும் குழி விழவில்லை. கை மட்டும் அரை அங்குலம் கூடுதல். ஆனால் பொத்தான்களைப் போட்டதும் நடுப் பொத்தானைச் சுற்றிப் பெருக்கல் குறிபோலச் சுருக்கங்கள் விழுகின்றன, கையைத் தூக்கினால் முதுகு இறுகுகிறது. சூட் கோட்டைக் கழற்றிவிட்டுச் சட்டையின்மேல் போட்டால் இந்தச் சுருக்கங்கள் இல்லை. சீட்டில் ஸ்லிம் என்று எழுதியிருந்தது. இதை எடுத்துப் பிரித்துத் தைக்கலாமா, அல்லது 40 ஷார்ட் போகலாமா? பயணத்தில் பாதி நேரம் வெப்பமூட்டிய ரயிலிலும் அலுவலகத்தை ஒட்டிய நிலத்தடி நடைபாதையிலும் கழிவதால், மிகக் கனமான கோட்டைக் கையில் சுமக்க வேண்டி வருமோ என்ற எண்ணமும் இருக்கிறது.

ஊசிநூல் எழுதியது:

தம்பி, சூட் இல்லாமல் சுருக்கம் விழவில்லை என்பதைச் சோதித்துப் பார்த்தது நல்லது. அதிலேயே விடை இருக்கிறது. ஸ்லிம் வெட்டில் உள்ளே ஒரு ஸ்வெட்டர் வரும் என்ற கணக்கில்தான் இடம் விடுகிறார்கள், சூட் கோட்டுக்கான இடம் அதில் இல்லை. பக்கத் தையலின் உள்ளே மடித்து விட்டிருக்கும் துணி பெரும்பாலும் குறைவு, எனவே பிரித்து அகலப்படுத்தினால் அரை அங்குலம் கிடைப்பதே அரிது. முதுகில் இறுகுவது பக்கத் தையலைத் தளர்த்தித் தீரக்கூடியதும் அல்ல, ஏனெனில் இறுக்கம் இருப்பது கைக்குழியில். 40 ஷார்ட் எடுத்தால் மார்பு சரியாகிவிடும், தோள் மறுபடியும் வெளியே போகும். அதே 38 ஷார்ட்டைக் கிளாசிக் அல்லது ரெகுலர் ஃபிட் என்று சீட்டு இருக்கும் வெட்டில் கேளுங்கள். அங்கே தோள் மாறாமல் மார்பிலும் இடையிலும் இரண்டு அங்குலம்வரை கூடுதலாகக் கிடைக்கும். ஷார்ட் என்பது நீளத்தைச் சொல்வது, ரெகுலர் ஃபிட் என்பது அகலத்தைச் சொல்வது. இரண்டும் ஒரே சீட்டில் இருக்கலாம், குழம்ப வேண்டாம்.

எல்லாப் பொத்தான்களையும் போட்ட பிறகு, மார்புக்கும் கோட்டுக்கும் நடுவே உங்கள் மூடிய கைமுட்டி நுழைந்தால் சரியான இடம் இருக்கிறது. உள்ளங்கையை விரித்து மட்டும்தான் நுழைக்க முடிகிறது என்றால் இறுக்கம். கனத்தைப் பற்றிய உங்கள் எண்ணமும் நியாயமானதே. ரயிலில் ஏறியதும் பொத்தான்களைக் கழற்றிக் காற்றோட்டம் விடுங்கள், இல்லையென்றால் வேர்வையில் நனைந்த சட்டையோடு வெளியே வரும்போது எந்தக் கோட்டும் காப்பாற்றாது. ஒற்றை வரிசைப் பொத்தான் கோட்டை நீங்கள் தேர்ந்தெடுத்தது இதற்கு வசதி. இரட்டை வரிசை முன்பக்கம் இரண்டு அடுக்காக மூடிக் கூடுதல் சூடு தரும், ஆனால் திறந்துவிட்டால் இருபக்கமும் துணி தொங்கும்.

கை அரை அங்குலம் கூடுதல் என்பது சிறிய வேலை. தையல்காரரிடம் போகும்போது அதே சூட்டையும், நீங்கள் வழக்கமாகப் போடும் கையுறையையும் கொண்டுபோங்கள். இரு கைகளையும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள், பலருக்கு ஒரு கை கால் அங்குலம் நீளமாக இருக்கும். பின்வெட்டின் அடியில் பெருக்கல் குறியாகப் போட்டிருக்கும் தடித்த நூல் கடைக்கு வரும்வரை துணி கலையாமல் இருக்கப் போட்டது, அணியுமுன் அதை வெட்டி எடுத்துவிட வேண்டும். வெட்டாமல் அணிந்தால் நடக்கும்போது இழுத்துத் துணியே கிழியக்கூடும். கை முனையில் வெளிப்பக்கம் தைத்திருக்கும் துணிச் சீட்டையும் அப்படியே எடுத்துவிடலாம்.

வின்னிபெக்வாசி எழுதியது:

பனி உருகும் நாட்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். சாலையில் தூவும் உப்பு கலந்த நீர் கோட்டின் அடியில் தெறித்துக் காய்ந்தால் வெள்ளைக் கறையாகப் படியும். முழங்காலோடு நிற்கும் கோட்டில் இது குறைவு, கணுக்காலை நோக்கி இறங்கும் கோட்டில் மிக அதிகம். நீளத்தை 94-க்கு மேல் கொண்டுபோக வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கறை பட்டால் நன்றாகக் காயவிட்டுத் தூரிகையால் தட்டிவிட்டு, வினிகரைத் தண்ணீரில் நிறைய நீர்த்து அதில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு அகலமான தோள் உள்ள மர ஹேங்கரில் மாட்டி, ஹீட்டருக்கு எட்டத்தில் காயவிடுங்கள்.